ஏ.ரி.எம். விழுங்கிய காசு

தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டையைப் போட்டால் ஏ.ரி.எம். ஒவ்வொரு தடவையும் 220 பாத் அளவில் பிடித்துக்கொள்ளும். 500 எடுத்தாலும் அதே வெட்டுத்தான். எங்கள் ஊர் கல்லடியில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு இது! சரி என்று, தாய்லாந்துச் செலவு முழுவதையும் ஒரே தடவையில் எடுத்தேன்.

கம்போடியாவுக்குக் கையில் டொலர் இருந்தது. அங்கே கடைகளில் டொலர் செல்லும், மிச்சத்தை ரியெலில் தருவார்கள். ஆனால் கிழிந்த தாள் என்றால் தொடமாட்டார்கள். சாப்பாட்டுக்கடை அக்கா ஒருவர் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை நகத்தால் தடவி, சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார். இடுப்புப் பையில் மடித்து வைத்ததால் மடிப்பில் ஒரு நூலளவு கிழிசல். அப்புறம் மிச்சத் தாள்களை மடிக்காமல் பொலித்தீனில் போட்டு, கொப்பி மட்டைக்குள் செருகினேன். வியட்நாமில் அவற்றை மாற்றும்போது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.