துப்பாக்கிச் சங்கம் மாறுவோர் கவனத்திற்கு: தகுதி அறுபடாமல் இடம் பெயரும் முறை

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் என் அக்காள் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து, காப்பியைக்கூடத் தொடாமல், "மாமா, அந்தச் சங்கத்தை விட்டுவிட்டேன். மாதாமாதம் சந்தா பிடிக்கும் டெபிட் ஆர்டரையும் வங்கியில் நிறுத்திவிட்டேன்" என்றான். சங்கத்துக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்குப் பதில் வரவில்லை என்பதும், தலைமை வெளியிட்ட ஓர் அறிக்கை அவனுக்குப் பிடிக்கவில்லை என்பதும் காரணம். "புதிய சங்கத்தில் சேர்ந்துவிட்டாயா?" என்று கேட்டேன். "இனிமேல்தான் பார்க்க வேண்டும்" என்றான். அவனிடம் இருக்கும் இரண்டு ரைபிள்களும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழ், அதாவது அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் சான்றை வைத்து, உரிமம் பெற்றவை. நான் உடனே செய்யச் சொன்னது, வங்கியை அழைத்து டெபிட் ஆர்டரை மீண்டும் தொடங்குவதைத்தான்.

சங்கத்தின் மீது ஒருவருக்கு உள்ள பற்று குறைவதும் வேறொன்றின் பக்கம் சாய்வதும் இயல்பு. ஆனால் தென்னாப்பிரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவருக்குச் சங்க உறுப்பினர் என்பது வெறும் ஆதரவின் அடையாளம் அன்று. 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டமாகிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அவருடைய உரிமம் எந்தக் காரணத்தின் மேல் நிற்கிறதோ, அந்தக் காரணத்தின் ஒரு தூண் அது. தூணை மாற்றும்போது கூரைக்கு முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் விட நினைப்பது எந்த வகை அமைப்பு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி காவல்துறையின் துப்பாக்கிப் பதிவாளரிடம் அங்கீகாரம் பெற்ற வேட்டைச் சங்கங்களும் சுடும் விளையாட்டு அமைப்புகளும் ஒரு வகை. 'டெடிகேட்டட் ஸ்டேட்டஸ்' என்று நாம் எல்லோரும் சொல்லும் தகுதிக்கு, அதாவது சங்கத்தின் வழியாக முறையாகத் தொடர்ந்து வேட்டையாடுபவர் அல்லது சுடுபவர் என்பதற்கு, சான்று தர இவற்றால்தான் முடியும். நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் துப்பாக்கி வைத்திருப்போருக்காக வாதாடும் உரிமை அமைப்புகள் இன்னொரு வகை. உரக்கப் பேசுகிற அமைப்பெல்லாம் அங்கீகாரம் பெற்ற அமைப்பு என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு வேலைகளையும் ஒருசேரச் செய்கிற சங்கங்களும் உண்டு. உங்கள் வருத்தம் வாதாடும் முறையைப் பற்றியது மட்டும் என்றால், அங்கீகாரத்துக்காக ஒரு சங்கத்திலும் வாதாடுவதற்காக வேறோர் அமைப்பிலும் இருப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நான் பார்த்த அளவில், மாறத் துடிப்பவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் மாற வேண்டிய தேவையே இல்லை. இரண்டாவது சந்தா ஒன்று கட்டினால் போதும்.

தகுதி போனால் என்ன போகும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 15ஆம் பிரிவின் கீழ் எப்போதாவது வேட்டையாடுபவர் அல்லது விளையாட்டுக்காகச் சுடுபவர் நான்கு உரிமங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தற்காப்புக்காக 13ஆம் பிரிவில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அந்த நான்கு மூன்றாகிவிடும். 16ஆம் பிரிவில் அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. உரிமம் பெற்ற ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 200 தோட்டாக்கள் என்ற 91ஆம் பிரிவின் வரம்பும் 16ஆம் பிரிவு உரிமம் உடைய டெடிகேட்டட் உறுப்பினரைக் கட்டுப்படுத்தாது. தகுதி முடிந்துவிட்ட உறுப்பினர்களைப் பற்றிச் சங்கம் பதிவாளருக்கு ஆண்டறிக்கையில் தெரிவிக்க வேண்டும். அதன்பின், உரிமம் வைத்திருக்கும் தகுதியை இழந்தவர் என்ற காரணத்தால் 28ஆம் பிரிவின்படி உரிமத்தை ரத்து செய்யப் பதிவாளர் முனையலாம்; அதற்கு முன் 30 நாள் அவகாசம் கொடுத்து உங்கள் விளக்கத்தை எழுத்தில் கேட்க வேண்டும். அந்த 30 நாள் எவ்வளவு சீக்கிரம் ஓடிவிடும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு சங்கத்தை விட்டு மற்றொன்றில் சேர்வதற்கு நடுவே ஏழு மாத இடைவெளி விட்டுவிட்டேன். பழைய சங்கம் என் பெயரை நீக்கியதை எனக்குச் சொல்லவே இல்லை. ஒரு நாள் பழுப்பு உறையில் கடிதம் வந்தது. என் மனைவி அதை மின்கட்டண ரசீது என்று நினைத்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டாள். நான் எடுத்துப் பிரித்தபோது ஒன்பது நாட்களே மிச்சம் இருந்தன.

இனி, விலகத்தான் வேண்டுமா என்ற கேள்வி. கோபம் ஆறும்வரை காத்திருந்து, சங்கம் என்ன செய்தது என்பதையும் என்ன பேசியது என்பதையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். நீதிமன்றத்தில் தோற்றதை மட்டும் வைத்து ஒரு சங்கத்தை எடை போடுவது நியாயம் அன்று. உரிமம் முடிவதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்ற 24ஆம் பிரிவையும், 28ஆம் பிரிவையும் எதிர்த்து எஸ்.ஏ. ஹன்டர்ஸ் சங்கம் நடத்திய வழக்கில் 2017இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2018 ஜூன் 7ஆம் தேதி அரசியலமைப்பு நீதிமன்றம், நீதிபதி ஃபிரோன்மன் எழுதிய தீர்ப்பில், அதை மாற்றி அந்தப் பிரிவுகள் செல்லும் என்றது. அடுத்த மாதமே கன் ஓனர்ஸ் சவுத் ஆஃப்ரிக்கா, சுருக்கமாக கோசா, என்ற உரிமை அமைப்பு, காலாவதியான உரிமம் உடையவர்களின் துப்பாக்கிகளைக் காவல்துறை பெற்றுக்கொள்வதற்கு உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியது. 2020 ஜூலையில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. இரண்டு அமைப்புகளும் தோற்றன என்று இதைப் படிக்கலாம். இரண்டு வெவ்வேறு பாதைகளில் உறுப்பினர்களுக்காக உழைத்தன என்றும் படிக்கலாம். நான் கேட்கச் சொல்வது இதுதான்: வழக்கு நடந்த காலத்தில் உங்கள் சங்கம் உங்களிடம், "தீர்ப்பு வரும் வரை காத்திருக்காதீர்கள், 90 நாள் கணக்கை விடாதீர்கள்" என்று சொன்னதா, அல்லது வெற்றி நிச்சயம் என்று சொல்லி உங்களை அசட்டையாக இருக்கவிட்டதா? இரண்டாவதைச் செய்த சங்கத்தை நான் நம்ப மாட்டேன்.

இன்னொரு அளவுகோலையும் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் வெளிவந்த திருத்தச் சட்ட வரைவு, தற்காப்புக்கு உரிமம் தரும் 13ஆம் பிரிவையே நீக்க முன்மொழிந்தது. அது பற்றிய பேச்சு சூடாக இருந்தபோதே, ஜூலையில் குவாசூலு-நட்டாலிலும் ஹவுட்டெங்கிலும் கலவரம் மூண்டு 350க்கு மேற்பட்டோர் மாண்டனர். டர்பனுக்கு அருகே இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் ஃபீனிக்ஸில் அப்போது நடந்த கொலைகளின் வடு நம் மக்களுக்கும் பக்கத்து ஊர்களின் கறுப்பின மக்களுக்கும் நடுவே இன்னும் ஆறவில்லை. அண்டை வீட்டாரைக் காட்டி அச்சமூட்டி ஆள் சேர்க்கிற அமைப்பு எதுவானாலும், அதன் வழக்கறிஞர்கள் எவ்வளவு திறமைசாலிகள் ஆனாலும், அதன் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சட்டத்தைப் பேசுகிற அமைப்பும் பகையைப் பேசுகிற அமைப்பும் ஒன்றல்ல.

குறை கொள்கையைப் பற்றியது என்றால், உள்ளே இருந்தே மாற்ற முடியுமா என்று பார்ப்பது அடுத்த படி. அமெரிக்காவில் 1871இல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கத்தின் தலைமை, 1977இல் தலைமையகத்தைக் கொலராடோவுக்கு மாற்றி விளையாட்டிலும் வேட்டையிலும் கவனம் செலுத்த நினைத்தது. அதை ஏற்காத உறுப்பினர்கள் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், சங்கத்தின் விதிகளையே கையில் எடுத்துக்கொண்டு, விடிய விடிய விவாதித்து, நிர்வாகிகளை வெளியேற்றி ஹார்லன் கார்ட்டரைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் போன திசை சரியா என்பது வேறு விவாதம். விலகியிருந்தால் அந்த இரவில் அவர்களுக்கு வாக்கு இருந்திருக்காது என்பதே இங்கே பொருத்தம். அந்தச் சங்கத்தில் இன்றும் ஆயுள் உறுப்பினருக்கும் தொடர்ந்து ஐந்தாண்டு உறுப்பினராக இருப்பவருக்கும் மட்டுமே வாக்குரிமை. விட்டுப் போய்த் திரும்பி வருபவர் அதை முதலிலிருந்து எண்ண வேண்டும். உங்கள் சங்கத்தின் விதிமுறைகளை வாங்கி, பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர எத்தனை பேர் வேண்டும், எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று பாருங்கள். ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். உறுப்பினருக்குக் கணக்குக் காட்ட மறுக்கும் சங்கத்தில் தங்கியிருப்பதில் பொருள் இல்லை.

சில நேரம் விலகுவதே நேர்மை. நம் நாட்டின் தொழில்முறை வேட்டையாளர் சங்கமான ஃபாசா, கூண்டில் வளர்த்த சிங்கங்களைச் சுடுவதை ஆதரிப்பதில்லை என்று 2015இல் முடிவெடுத்து, 2017இல் அந்த முடிவை மாற்றிக்கொண்டபோது, அதைப் பொறுக்காத உறுப்பினர்கள் வெளியேறித் தனிச் சங்கம் அமைத்தார்கள். வாக்கெடுப்பில் தோற்ற பின்பே அவர்கள் போனார்கள்.

முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். உங்கள் உரிம அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்பி, முடியும் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 13ஆம் பிரிவு உரிமம் ஐந்தாண்டுக்கும் 15, 16ஆம் பிரிவு உரிமங்கள் பத்தாண்டுக்கும் செல்லும். எந்த 16ஆம் பிரிவு உரிமமாவது ஓராண்டுக்குள் முடிகிறது என்றால், பழைய சங்கத்தின் சான்றோடு புதுப்பித்தலை முதலில் முடித்துவிட்டு அப்புறம் மாறுங்கள். குறித்த காலத்துக்குள் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும் வரை பழைய உரிமம் செல்லுபடியாகும் என்பதால், விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து, பழைய சங்கத்தில் உறுப்பினராக இருக்கும்போதே புதிய சங்கத்தில் சேருங்கள். சேர்வதும் தகுதி பெறுவதும் ஒன்றல்ல என்பதைத்தான் மக்கள் மறந்துபோகிறார்கள். சந்தா கட்டிய மறுநாளே உறுப்பினர் அட்டை வந்துவிடும். ஆனால் டெடிகேட்டட் தகுதிக்கு ஒவ்வொரு சங்கமும் தனித் தேர்வு, சுடுகளப் பயிற்சி, பங்கேற்ற நிகழ்வுகள் என்று தனக்கென நிபந்தனைகள் வைத்திருக்கிறது. பழைய சங்கத்தில் நீங்கள் எழுதிய தேர்வை ஏற்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கு ஆதாரமாகப் பழைய சங்கத்திடமிருந்து உங்கள் பங்கேற்புப் பதிவேட்டின் நகலை விலகுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். தரத் தாமதித்தால், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். என் அனுபவத்தில் அந்த ஒரு வரிக்குப் பதில் விரைவில் வரும்.

புதிய சங்கம் தரும் தாளை வாங்கியதும் அப்படியே கோப்பில் சொருகிவிடாமல், வெளிச்சத்தில் வைத்து வரி வரியாகப் படியுங்கள். 16ஆம் பிரிவு கேட்பது, சங்கத் தலைவரோ அவர் எழுத்தில் அதிகாரம் அளித்த ஒருவரோ, நீங்கள் அந்தச் சங்கத்தில் பதிவு பெற்ற உறுப்பினர் என்று கூறும் உறுதிமொழிப் பத்திரம். உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். நம் பெயர்களுக்கு இது பெரிய தொல்லை: பிறப்புச் சான்றில் 'கோவெண்டர்' என்றும் உரிமத்தில் வேறு எழுத்துக்கூட்டிலும் இருப்பது அரிதன்று. அடையாள எண்ணின் 13 இலக்கங்களையும் விரல் வைத்து எண்ணுங்கள். என் அக்காள் மகனின் தாளில் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. திருத்தி வாங்க மூன்று வாரம் பிடித்தது. தகுதி வேட்டைக்கா விளையாட்டுக்கா என்பதும், எந்தத் தேதியிலிருந்து என்பதும், சங்கத்தின் அங்கீகார எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

அந்தத் தாள் சரியாகக் கைக்கு வந்த பிறகே பழைய சங்கத்துக்கு விலகல் கடிதம் எழுதுங்கள். சந்தாவை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது விலகல் ஆகாது, அது நிலுவை. அப்படி நீக்கப்பட்டவரும் தானே விலகியவரும் காகிதத்தில் வேறு வேறு மனிதர்கள். கடிதத்தில் குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து விலகுகிறீர்கள், வேறோர் அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் எந்தத் தேதியிலிருந்து டெடிகேட்டட் தகுதி பெற்றிருக்கிறீர்கள் என்று சொல்லி, ஆண்டறிக்கையில் உங்கள் பெயரைக் குறிக்கும்போது இந்தக் காரணத்தையே குறிக்குமாறு கேளுங்கள். விலகலை ஏற்றுக்கொண்ட பதில் வரும்வரை நினைவூட்டிக்கொண்டே இருங்கள். மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், தனிக் கடிதமாகத் தலைவருக்கு எழுதுங்கள்.

பின்பு உங்கள் காவல் நிலையத்தின் துப்பாக்கி அலுவலரிடம், நாம் டி.எஃப்.ஓ. என்று சொல்பவரிடம், புதிய சான்றின் நகலோடு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வீடும் மாறியிருந்தால், முகவரி மாற்றத்தை 30 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்பதை இதோடு மறக்காமல் முடித்துவிடுங்கள். பழைய சங்கத்தின் வழியாகத் துப்பாக்கிக் காப்பீடோ சட்ட உதவித் திட்டமோ எடுத்திருந்தால், அது உறுப்பினர் தகுதியோடு சேர்ந்து அறுந்துவிடுமா என்று கேட்டு, மாற்று ஏற்பாடு தொடங்கிய நாளுக்குப் பின்பே பழையதை விடுங்கள்.

சுடுகள நண்பர்களைப் பற்றியும் ஒன்று. இருபது ஆண்டுகள் ஒரே கொட்டகையின் கீழ் உட்கார்ந்து புரியாணி பகிர்ந்து உண்டவர்கள், நீங்கள் சங்கம் மாறியதைக் கட்சி மாறியதுபோல் எடுத்துக்கொள்ளக்கூடும். காரணத்தை முதலில் அவர்களிடம் நேரில் சொல்லிவிடுங்கள். மற்றவர் வாயால் அவர்கள் அறிய விடாதீர்கள்.

மாறிய முதல் ஆண்டில் புதிய சங்கத்தின் நிகழ்வுகளை ஆண்டின் முதல் பாதியிலேயே முடித்து, நவம்பரில் செயலாளருக்கு எழுதி, உங்கள் பங்கேற்பு பதிவாகியிருக்கிறதா, தகுதி தொடர்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அக்காள் மகன் இப்போது பழைய சங்கத்தின் பதில், புதிய உறுதிமொழிப் பத்திரம், காவல் நிலைய முத்திரை பதித்த நகல் ஆகிய மூன்றையும் ஒரு நீலக் கோப்பில் போட்டு, உரிம அட்டைகளின் நகலோடு வைத்திருக்கிறான். இன்னொரு நகல் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.