பழைய மதராஸ் படைப்பிரிவின் எண்ணைத் தடம் பிடிப்பது எப்படி?
மூதாதையர் பணியாற்றிய மதராஸ் படைப்பிரிவைத் தேடுவோர் முதலில் ஆவணத்தின் ஆண்டைப் பார்க்க வேண்டும். ஏனெனில் ஒரே படைப்பிரிவு காலத்துக்குக் காலம் வெவ்வேறு எண்களில் வழங்கியது. 1903-இல் பிரிட்டிஷ் இந்தியப் படையின் தலைமைத் தளபதி கிச்சனர் மேற்கொண்ட சீரமைப்பில் மதராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டதால், 23-ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படை 83-ஆம் படையாயிற்று. எனவே முதல் உலகப்போர்ப் பதக்கத்தின் விளிம்பில் 83 என்று பொறித்திருந்தால், 1903-க்கு முந்தைய பதிவேடுகளில் 23-ஐத் தேடுங்கள்; ஊர்ப்பெயரும் உடனிருந்தால் எண்ணைவிட அதுவே உறுதியான அடையாளம். 60 கூட்டும் இவ்விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது: 10-ஆம் மதராஸ் காலாட்படை 1901-லேயே கூர்க்கா ரைபிள்ஸ் ஆகிவிட்டது. 1922-இல் தனிப்படைகள் பெரிய ரெஜிமெண்டுகளின் பட்டாலியன்களாக (உட்பிரிவுகளாக) இணைக்கப்பட்டபோது, வாலாஜாபாத் படை 3-ஆம் மதராஸ் ரெஜிமெண்டின் 4-ஆம் பட்டாலியனாயிற்று. ஆகவே ‘4/3’ என்ற குறிப்பில் முதல் எண் பட்டாலியனையும், அடுத்தது ரெஜிமெண்டையும் குறிக்கும்.