பியாசோலாவின் டாங்கோவில் மனோதர்மத்தைக் கண்டறிவது எப்படி?

அர்ஜென்டினாவின் நடன இசையான டாங்கோவைப் புதுப்பித்த இசையமைப்பாளர் ஆஸ்தோர் பியாசோலாவைக் கேட்கத் தொடங்குவோருக்கு எழும் முதல் ஐயம், எந்த இடம் எழுதி வாசிக்கப்பட்டது, எந்த இடம் மேடையிலேயே பிறந்த மனோதர்மம் என்பதுதான். எனக்கு நெடுநாள் இருந்த அந்த ஐயம், அவருடைய பதிவுகளைக் கால வரிசையில் கேட்டபோது தீர்ந்தது. ஆகவே, பின்வரும் வரிசையை மாற்றாமல் கேளுங்கள்.

முதற்படி, தாளம். எட்டு அட்சரங்களை ‘தகிட தகிட தக’ என்று 3+3+2 ஆகப் பிரித்துச் சொல்லிக்கொண்டே, பாஸ் வாத்தியத்தையும் பியானோவின் இடக்கையையும் தொடருங்கள். இது கைவந்த பிறகு மேலே செல்லலாம்.

இரண்டாம் படி, 1955. அனிபால் த்ரொய்லோவின் நடன இசைக்குழுவில் 1944 வரை பாந்தோனியோன் என்னும் துருத்தி வாத்தியத்தை வாசித்த பியாசோலா, பின்னர் பாரிசில் இசை ஆசிரியை நாதியா பூலான்ஜேயிடம் பயின்று திரும்பி, ‘ஒக்தேதோ புவெனோஸ் ஐரெஸ்’ என்ற எண்மர் குழுவை அமைத்தார். அதில் ஜாஸிலிருந்து வந்த ஒராசியோ மால்விசினோவின் எலக்ட்ரிக் கிதாருக்கு மனோதர்மம் செய்ய இடம் கொடுத்தார். டாங்கோ மரபினர் சினந்தது அந்தக் கிதாரின் மீதுதான். நீங்களும் அதையே தனியாகப் பின்தொடருங்கள். 1959இல் நியூயார்க்கில் அவர் வெளியிட்ட ஜாஸ்–டாங்கோ இசைத்தட்டைப் பிற்காலத்தில் அவரே பழித்தார் என்பதால், அதைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

மூன்றாம் படியில்தான் பலர் இடறுகிறார்கள். 1978இல் அமைந்த இரண்டாம் ஐவர் குழுவில், எழுதப்பட்ட மெட்டையே தாளத்துக்குச் சற்றுப் பிந்தியும் முந்தியும் இழுத்து வாசிப்பதால், எல்லாமே மனோதர்மம்போல ஒலிக்கிறது. செவியை மட்டும் நம்பி இதைத் தீர்க்க இயலாது. ஒரே உருப்படியின் இரண்டு கச்சேரிப் பதிவுகளை எடுத்து ஒப்பிட வேண்டும்: இரண்டிலும் மாறாமல் வருவது பெரும்பாலும் எழுத்து, வேறுபடுவது பெரும்பாலும் மனோதர்மம். பியாசோலாவின் சொந்தக் கற்பனைக்கு ‘திரிஸ்தேசாஸ் தெ உன் தோப்ளே ஆ’ என்ற உருப்படியை 1984 மாண்ட்ரியல் கச்சேரியிலும் 1986 வியன்னா கச்சேரியிலும் கேளுங்கள். பியானோவுக்கு அதே மாண்ட்ரியல் கச்சேரியின் ‘சின் சின்’ போதும். இளமையிலேயே ஜாஸ் வாசித்துப் பழகிய பாப்லோ சீக்லரின் விரல்கள் அங்கே கட்டவிழ்கின்றன. மற்றவர்கள் ஒதுங்க, பாஸ் ஒரு சிறு வடிவத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கினால், தனி ஆவர்த்தனத்துக்குக் கதவு திறந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஒப்பிடுவதற்கு ஆடாசிட்டி மென்பொருளையே பரிந்துரைக்கிறேன். சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் வசதி அதில் இலவசமாகக் கிடைக்கிறது; யூடியூபின் வேகக் குறைப்பில் பாந்தோனியோனின் நாதம் கலங்கிவிடுகிறது.

பிற்சேர்க்கை: 1974இல் மிலானில் ஜாஸ் கலைஞர் ஜெரி மல்லிகனுடன் பியாசோலா செய்த பதிவை ஏன் சேர்க்கவில்லை என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஒன்றைத் தவிர அதிலுள்ள உருப்படிகள் யாவும் பியாசோலா இயற்றியவை. மல்லிகனின் சாக்ஸஃபோனும் பெரும்பாலும் அந்த மெட்டுகளுக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது. மனோதர்மத்தைத் தேடுவோருக்கு, ஜாஸ் கலைஞர் கேரி பர்ட்டனின் வைப்ரஃபோனுடன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) 1986இல் மோந்த்ரேவில் நடந்த கச்சேரியே மேல். 2018இல் லத்தீன் ஜாஸ் பிரிவில் கிராமி வென்ற சீக்லரின் மூவர் குழுப் பதிவைக் கேட்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அதில் பாஸ் வாத்தியமே இல்லை என்பதால், மேலே சொன்ன அடையாளத்தைப் பியானோவின் இடக்கையிலும் கிதாரிலும் தேட வேண்டும்.