துருவ நட்சத்திரம் தெரியாமல் ஆண்ட்ரோமிடாவைப் படம் எடுத்தது

சவ்வாது மலையில் டிசம்பர் இரவு, நல்ல இருட்டு. 80 மி.மீ. தொலைநோக்கியில் டிஎஸ்எல்ஆர் கேமராவை மாட்டி ஆண்ட்ரோமிடா கேலக்ஸியை எடுத்தேன். 2 நிமிடப் படம் ஒவ்வொன்றிலும் நட்சத்திரங்கள் அரிசி மணி மாதிரி நீண்டிருந்தன.

காரணம் எளிது. தொலைநோக்கித் தாங்கியின் சுழல் அச்சு வானத் துருவத்தை நோக்கி நின்றால்தான் அது நட்சத்திரங்களைச் சரியாகப் பின்தொடரும்; அந்த இடத்தைக் காட்டுவது துருவ நட்சத்திரம். இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 12 டிகிரி உயரம்தான். எதிரே மரங்கள். திசைகாட்டியை நம்பித் தாங்கியைத் திருப்பி வைத்திருந்தேன், அது போதவில்லை.

அப்புறம் நகர்வு முறைக்கு மாறினேன்: ஒரு நட்சத்திரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து அச்சைத் திருத்துவது. உச்சிக்கோட்டருகே (தலைக்கு மேலே வடக்கு தெற்காக ஓடும் கோடு), வான நடுக்கோட்டை (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) ஒட்டிய ஒரு நட்சத்திரத்தைக் கேமராத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கினேன். தொலைநோக்கியை வடக்கே லேசாக நகர்த்தினால் புது நட்சத்திரங்கள் நுழையும் பக்கம்தான் வடக்கு. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் மெல்லத் தெற்கே வழுக்கியது. அப்படியென்றால் அச்சு துருவத்துக்குக் கிழக்கே நிற்கிறது. பக்கவாட்டுத் திருகைக் கால் சுற்று திருப்பி, மறுபடி பார்த்தேன். ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கும்வரை இதே வேலை. பிறகு கிழக்கில் தாழ்வாக உள்ள ஒரு நட்சத்திரம்: அது தெற்கே போனால் அச்சு தாழ்வு, வடக்கே போனால் உயர்வு.

முக்கால் மணி நேரம் பிடித்தது. சரி, பலன்? 2 நிமிடப் படங்கள் 45, எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாக நட்சத்திரங்கள். அவற்றை ஒன்றாக அடுக்கியதும் தூசிப் பட்டைகள் கரிய கோடுகளாக எழுந்தன, பக்கத்தில் எம்110 என்ற துணைக் கேலக்ஸி வெளிறிய முட்டையாக. 25 லட்சம் ஒளியாண்டு தூரத்து ஒளி! திரையை விட்டு நகர மனமே வரவில்லை.