மீன் தொட்டிக்கு ஹீட்டர்: வாட் கூடினால் நல்லதா?

மார்கழிக் குளிர் எட்டிப் பார்த்ததும் மீன் வளர்ப்பவர்களுக்கு ஹீட்டர் ஞாபகம் வந்துவிடும். எத்தனை வாட் வாங்குவது என்று கேட்டால், ‘லிட்டருக்கு ஒரு வாட்’ என்பார்கள். கடையில் ஸ்டாக் இருப்பதைப் பொறுத்து அது இரண்டு வாட்டாகவும் ஆகும். அந்த இரண்டு வாட் கணக்கு குளிர் ஊர்களுக்குச் சரி. சென்னை, மதுரைக்கு அது அதிகம்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 54 லிட்டர் பிடிக்கும். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக நிஜத்தில் 45 லிட்டர்தான் இருக்கும். சென்னையில் தை மாத விடியற்காலையில்கூட வீட்டுக்குள் 22 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். மீனுக்கு 26 வேண்டும் என்றால் ஏற்ற வேண்டியது நான்கு டிகிரி. அதற்கு 50 வாட் தாராளம். இதே தொட்டி ஊட்டியில் இருந்தால் 100 வாட் கேட்கும்.

‘பெரிசா இருந்தா என்ன, சூடானதும் தானா நின்னுடுமே’ என்று தோன்றும். நிற்காமல் போகும் நாள்தான் சிக்கல். சாதாரண ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு நிறுத்தும் பாகம், இரண்டு உலோக முனைகள் தொட்டும் விலகியும் வேலை செய்கிறது. ஒவ்வொரு முறையும் சின்னப் பொறி பறக்கும். என்றாவது ஒருநாள் அந்த முனைகள் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் ஓடுவதைக் காட்டும் விளக்கு அணையவே அணையாது. 45 லிட்டர் தண்ணீரை 200 வாட் ஹீட்டர் கால் மணி நேரத்துக்கு ஒரு டிகிரி ஏற்றும். ராத்திரி பத்து மணிக்கு ஒட்டிக்கொண்டால் விடிவதற்குள் தொட்டியில் ஒன்றும் மிஞ்சாது. 50 வாட் என்றால் ஏறுவதும் மெதுவாகத்தான், அறைச் சூட்டைவிட எட்டு டிகிரி போல ஏறியதும் தானாகத் தேங்கிவிடும். குளிர்கால இரவில் அது 30, 31 டிகிரி. மீன் திணறும், ஆனால் பிழைத்துக்கொள்ளும். தொட்டி பெரிது என்றால் 200 வாட்டில் ஒன்று போடுவதைவிட 100 வாட்டில் இரண்டு போடுவது மேல். ஒன்று கோளாறானாலும் பாதிச் சூடுதான் ஏறும்.

சரி, ஹீட்டர் வேண்டுமா என்பதையே பலர் யோசிப்பதில்லை. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், அதற்கு ஹீட்டர் தேவையே இல்லை. கப்பி, மோலி எல்லாம் நம் சமவெளி ஊர்களில் ஹீட்டர் இல்லாமலே சமாளிக்கும். 28 முதல் 30 டிகிரி கேட்கும் டிஸ்கஸுக்குக் கட்டாயம். ஃபைட்டர் மீனுக்கும் குளிர்காலத்தில் போடலாம்.

மார்கழியைவிட மோசம் ஏசி. படுக்கையறையில் தொட்டி இருந்தால், பகலில் 31 டிகிரியில் கிடக்கும் தண்ணீர் இரவெல்லாம் ஏசி ஓடி 25-க்கு இறங்கும். மறுநாள் திரும்ப ஏறும். தினமும் இப்படி ஏறி இறங்கினால் மீனின் எதிர்ப்புச் சக்தி குறைந்து, ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய் தொற்ற வழி விடும். சித்திரையில் ஹீட்டரா என்று சிரிப்பார்கள், அந்த அறைக்கு அதுதான் நியாயம்.

வெண்புள்ளி வந்ததும் ஹீட்டரை ஒரேயடியாக 30-க்குத் திருகிவிடுவது இன்னொரு தவறு. சூடு அந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்றை வேகப்படுத்தும், அவ்வளவுதான், மருந்தும் வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று ஏற்றுங்கள். கூடவே ஏர் பம்ப் ஓடட்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்து வைத்திருக்கும், 30 டிகிரியில் அது ஏழரைதான்.

ஹீட்டர் கண்ணில் படக்கூடாது என்று மூலையில் கல்லுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள். அங்கே தண்ணீர் ஓட்டம் இருக்காது. பக்கத்துத் தண்ணீர் சூடானதும் ஹீட்டர் நின்றுவிடும், மறுகோடி குளிர்ந்தே கிடக்கும். ஃபில்டர் தண்ணீர் தள்ளும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், மணலில் புதைக்காதீர்கள். தெர்மாமீட்டர் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். ஹீட்டரின் திருகில் 26 என்று போட்டிருப்பதை நம்பாமல், ஒரு நாள் ஓடவிட்டுத் தெர்மாமீட்டரைப் பார்த்துத் திருகைச் சரிசெய்யுங்கள். கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் ஸ்டிக்கர் தெர்மாமீட்டர் வேண்டாம், அது அறைச் சூட்டையும் கலந்து காட்டும்.

ஹீட்டர் உடைவது பெரும்பாலும் தண்ணீர் மாற்றும் நாளில்தான். மட்டம் இறங்கி ஹீட்டர் பாதி வெளியே தெரியும். அது சூடேறிக்கொண்டே இருக்கும்போது மேலே குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் விட்டு, அப்புறம் தொட்டிக்குள் கை வையுங்கள். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும், ஒயர் வழியே வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், ஹீட்டர் வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போடச் சொல்லுங்கள்.

ஊற்றப்போகும் தண்ணீரையும் பாருங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும், விடியற்காலையில் சில்லென்றிருக்கும். பக்கெட்டில் பிடித்து வைத்து, மீன் தொட்டிச் சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள்.

மின்வெட்டு வந்தால் இன்வெர்ட்டரில் முதலில் ஏர் பம்புக்கு இடம் கொடுங்கள். மூன்று பக்கமும் போர்வை சுற்றினால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். மேல்பக்கத்தை மட்டும் இறுக மூட வேண்டாம்.

ஹீட்டர் குழாயின் உள்பக்கம் வியர்த்தது போலத் துளிகள் தெரிந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். விளக்கு எரிகிறதே என்று பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கித் தூக்கிப் போட்டுவிடுங்கள்.