கிறிஸ்துமஸ் வாரத்தில் விண்மீனும் விளக்கும்: ஒரே மாலையில் இரண்டையும் பார்ப்பது எப்படி?

சென்னையில் விண்மீனே தெரியாது என்று பலரும் சொல்வார்கள். டிசம்பர் கடைசி வாரத்தில், மழை விட்ட ஒரு ராத்திரி, பெசன்ட் நகர் கடற்கரையில் கடலைப் பார்த்து நின்றவர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. பளிச்சென்ற விண்மீன்கள் கூட்டமாகக் கிழக்கே ஏறி வரும் காலம் இது. கிறிஸ்துமஸ் விளக்குகளும் இதே வாரத்தில்தான். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: வானம் முதலில், விளக்கு அப்புறம். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு சீரியல் பல்பை உற்றுப் பார்த்தாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

படி 1: நாள் குறிப்பது

தினசரி காலண்டரில் பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். அதற்கு முன்பின் மூன்று நாளைத் தவிர்த்துவிடலாம். மழை தூசியைக் கழுவிவிடுவதால், மழை நின்று மேகம் கலைந்த இரவுதான் சரியான இரவு. 24ஆம் தேதி கூட்டம் நெரியும். முதல் தடவை என்றால் அதற்கு முன்பே போய்விடுங்கள்.

படி 2: எடுத்துப் போக வேண்டியவை

ஒரு பாய், ஒரு டார்ச். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. டெலஸ்கோப் இப்போது வாங்கவே வேண்டாம். வீட்டில் பைனாகுலர் இருந்தால் நல்லது.

படி 3: வானம்

இரவு 8 மணிக்கு, கடைகளும் தெருவிளக்குகளும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி மணலில் உட்காருங்கள். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. கடல் விளிம்பிலிருந்து மூன்றரை முஷ்டி உயரத்தில், கிழக்கே, மூன்று விண்மீன்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக, சம இடைவெளியில் நிற்கும். அதுதான் ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை. இதைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பட்டைக்கு இடப்பக்கம் செம்மையாக இருப்பது திருவாதிரை. மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று முழுநிலா இதன் பக்கத்தில்தான் நிற்கும். வலப்பக்கம் நீலவெள்ளையாக ரைகல். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள், நிற வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரியும். திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,500 டிகிரி, ரைகல் சுமார் 12,000. சூடு கூடக் கூடச் சிவப்பு போய் நீலம் வரும்.

பட்டையின் கோட்டை மேலே நீட்டினால் ஆரஞ்சு நிற ரோகிணி, இன்னும் மேலே கொத்தாகக் கார்த்திகை. பைனாகுலரை முதலில் கார்த்திகைமேல் திருப்புங்கள். ஆறு விண்மீன் என்று நினைத்த இடத்தில் டஜன் கணக்கில் தெரியும். அதே கோட்டைக் கீழே நீட்டினால் சிரியஸ். இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீன் இது. 9 மணிக்கு நன்றாக ஏறியிருக்கும். அடிவானத்தருகே காற்று அடர்த்தியாக இருப்பதால் பச்சை, சிவப்பு என்று நிறம் மாறி மாறி மினுக்கும். மினுக்காமல் நிலையாக ஒளிர்வது ஏதாவது தென்பட்டால் அது பெரும்பாலும் கோள்.

முடிந்தால் 10 மணி வரை இருங்கள். தெற்கை ஒட்டிய தென்கிழக்கில், இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் அகத்தியர் விண்மீன் வரும். கனோபஸ் என்பதும் இதுதான். லண்டனில் இருப்பவர்கள் வருடத்தில் எந்த நாளும் இதைப் பார்க்க முடியாது. நமக்கோ கிறிஸ்துமஸ் வாரம் முழுக்கக் கடல் மேலேயே நிற்கிறது. இதற்காகவாவது காத்திருக்கலாம் என்பேன்.

படி 4: விளக்குகள்

இப்போது கடலுக்கு முதுகைக் காட்டுங்கள். அன்னை வேளாங்கண்ணி ஆலயம் நடக்கிற தூரம்தான். போகிற வழியில் பால்கனிகளில் தொங்கும் காகித ஸ்டார்களையும் கவனியுங்கள். ஓட்டை போட்ட ஸ்டார் என்றால் பின்சுவரில் வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழும், காற்றில் அது சுற்றும்போது புள்ளிகளும் சேர்ந்து நகரும். இயேசு பிறப்பைக் காட்டும் குடிலில் வைக்கோலையும் பொம்மைகளையும் நிதானமாகப் பாருங்கள். இன்னொரு நாள் சாந்தோம் பேராலயம் போங்கள். புனித தோமாவின் கல்லறை மேல் 1896இல் எழுந்த வெள்ளைக் கட்டடம் அது.

படம் எடுக்க ஆசையா? அதற்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். சூரியன் 5.50 வாக்கில் மறையும். 6.15க்கு வானத்தில் இன்னும் நீலம் மிச்சம் இருக்கும்போது எடுத்தால் கோபுரமும் விளக்கும் சேர்ந்து வரும். போன் திரையில் விளக்கைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இழுங்கள். வெளுத்துப் போன நிறம் திரும்பிவிடும்.