‘பாத்துடறேன்’ என்று சொல்லும் முன்: வேலைப் பட்டியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைப் பட்டியல் போட ஆரம்பிக்கிற பலர் ஒரு மாதத்துக்குள் அதை நிறுத்திவிடுகிறார்கள். சோம்பல் காரணமில்லை. முதல் வாரம் மனசு லேசாகிறது. அப்புறம் பட்டியல் நீள்கிறது, அதைத் திறக்கவே தயக்கம் வருகிறது, கடைசியில் எல்லாம் பழையபடி தலைக்குள் போய்விடுகிறது. இன்று வேலையைச் சீராக நடத்துகிறவர்களும் ஒரு காலத்தில் இதே இடங்களில் சறுக்கியவர்கள்தான். போனை ஓரமாக வையுங்கள், மேசையைச் சுத்தமாக வையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தவறு என்றே தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

வேலையின் பெயரை எழுதிவிட்டு, வேலையை எழுதாமல் விடுவது

பட்டியலில் “ஆண்டறிக்கை” என்று ஒரு வரி இருக்கும். காலையில் அதைப் பார்ப்பீர்கள், கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். மாலையிலும் அப்படியே. ஏனென்றால் அது ஒரு வேலை இல்லை, பத்துப் பதினைந்து வேலைகளைக் கட்டிவைத்த மூட்டை. எந்த முடிச்சை முதலில் அவிழ்ப்பது என்று ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனைதான் சலிப்பைத் தருகிறது.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “மூன்றாம் காலாண்டு விற்பனை எண்களை அனுப்பச் சொல்லி கணக்குப் பிரிவுக்கு மெயில் போடு.” என்ன செய்ய வேண்டும், யாரிடம், எதைப் பற்றி எல்லாம் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. எழுதியது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அந்த வரியை வேறொருவர் கையில் கொடுத்தால், உங்களிடம் எதுவும் கேட்காமல் அவர் வேலையை ஆரம்பித்துவிட முடிய வேண்டும்.

ஒரே மூச்சில் முடியாத பெரிய வேலைகளைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் அடுத்த படி எதுவோ அது மட்டும் தினசரிப் பட்டியலுக்கு வரட்டும். பன்னிரண்டு படிகளையும் இன்றே எழுதிவைக்க வேண்டாம். மூன்றாவது படி முடிவதற்குள் ஆறாவது படி மாறிப்போயிருக்கும்.

இதற்கு ஆராய்ச்சியின் துணையும் உண்டு. முடிக்காத வேலை ஒன்று மனதில் இருந்தால் அது செய்துகொண்டிருக்கும் வேலைக்குள் வந்து தொல்லை தருகிறது என்று மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011இல் காட்டினார்கள். அந்தத் தொல்லை நீங்க வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதை எப்போது, எப்படிச் செய்வது என்று குறிப்பாகத் திட்டம் எழுதியவர்களுக்கே அது அடங்கியது. “ஆண்டறிக்கை” என்ற ஒற்றைச் சொல் திட்டமாகாது.

எல்லாவற்றுக்கும் கெடு தேதி போடுவது

நீங்களாகவே போட்டுக்கொண்ட தேதிகள் நாலு முறை தள்ளிப்போனால், உண்மையான கெடுவையும் கண் நம்பாது. அந்தத் தேதி தாண்டினால் வேறு யாருக்காவது நஷ்டம் உண்டா? உண்டென்றால் மட்டும் கெடு போடுங்கள். மற்றவற்றுக்கு ஆரம்பிக்கும் தேதி போதும்.

பட்டியலைப் பார்க்காமல் வாக்குக் கொடுப்பது

இந்தத் தவறை நல்ல குணம் என்று நினைத்துச் செய்கிறார்கள் என்பதுதான் மிகவும் வருத்தம் தருகிறது. கேட்டதும் சரி சொல்பவர் உதவும் மனசுக்காரர் என்று பெயர் வாங்குகிறார். ஆறே மாதத்தில் அவரே ‘சொன்னா செய்ய மாட்டார்’ என்ற பெயரையும் வாங்குகிறார். அவர் கெட்டவரும் இல்லை, சோம்பேறியும் இல்லை. எண்ணிப் பார்க்காமல் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

நடப்பது இதுதான். மீட்டிங் முடிந்து எல்லாரும் வெளியே வருகிறார்கள். லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் கூடவே நடக்கிறார். “அந்தக் கணக்கை ஒரு தடவை பாத்துடுறீங்களா?” “ம்… பாத்துடறேன்.” மூன்று விநாடியில் முடிந்துவிட்டது. கேட்டவர் நிம்மதியாகத் தன் இடத்துக்குப் போகிறார். சொன்னவர் அடுத்த மீட்டிங்குக்குள் நுழைகிறார். வியாழக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு ஒரு செய்தி வருகிறது: “ஆச்சா சார்? நாளைக்குக் காலையில மேல அனுப்பணும்.” வயிற்றைக் கலக்குகிற அந்த நிமிடத்துக்குக் காரணம் வேலையின் அளவு இல்லை.

அந்த மூன்று விநாடியில் நான்கு விஷயங்கள் விடுபட்டுப்போயின. ஒன்று, எங்கேயும் எழுதவில்லை. இரண்டு, ‘பார்ப்பது’ என்றால் என்ன என்று பேசவில்லை. கூட்டுத்தொகை சரியா என்று பார்ப்பதா, எண்களை மூலக் கோப்போடு ஒப்பிடுவதா, கருத்து எழுதித் தருவதா? முதலாவது இருபது நிமிடம், கடைசியது அரை நாள். மூன்று, எப்போதைக்கு என்று யாரும் கேட்கவில்லை. நான்காவது இந்த நான்கிலும் பெரியது: ஏற்கெனவே கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

நான்காவதுக்கு ஒரு கணக்கு உண்டு. வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இது: வேலை வரும் வேகமும் முடியும் வேகமும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது, கையில் இருக்கும் எண்ணிக்கையை முடிக்கும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கும் என்று தெரியும். உங்கள் கையில் 30 வாக்குகள் இருக்கின்றன, வாரத்துக்கு 5 முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் சராசரியாக 6 வாரம் எடுக்கும். அப்படி இருக்கையில் “இந்த வாரமே குடுத்துடறேன்” என்றால், புதிய வேலை வரிசையைத் தாண்டி முன்னே போகிறது, ஏற்கெனவே நிற்கிற யாரோ ஒருவர் பின்னே போகிறார். அவரிடம் இதை யாரும் சொல்வதில்லை. அடுத்த வாரம் “ஆச்சா?” என்று கேட்கப்போவது அவர்தான்.

போதாததற்கு, நமக்குத் தோன்றும் கால அளவும் தப்பு. திட்டம் போடுகிறவர்கள் தங்கள் பழைய அனுபவத்தை ஒதுக்கிவிட்டு நல்லபடியாக நடந்தால் எவ்வளவு ஆகும் என்றே கணக்குப் போடுகிறார்கள் என்று டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். 1994இல் வந்த ஒரு ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால்? ஏறக்குறைய 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சுமார் 55 நாள். மோசமான நிலைமைக்கு என்று போட்ட கணக்கைக்கூட உண்மை தாண்டிவிட்டது. ஆகவே ‘எவ்வளவு நேரம் ஆகும்’ என்று மனசைக் கேட்காதீர்கள். இதே மாதிரி கடைசியாகச் செய்த மூன்று வேலைகள் எத்தனை நாள் எடுத்தன என்று காலண்டரைப் பாருங்கள். அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

சரி, நடைபாதையில் நிற்கும்போது என்ன சொல்வது? “கையில இருக்கறத பாத்துட்டு மூணு மணிக்குள்ள சொல்றேன்.” இதுவும் ஒரு வாக்குதான், ஆனால் காப்பாற்றக்கூடிய வாக்கு. அங்கேயே நின்று போனிலோ துண்டுத்தாளிலோ மூன்று சொல் எழுதிக்கொள்ளுங்கள். இடத்துக்குப் போனதும் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முடிந்தபின் உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும்? எந்த நாளைக்குள், அதற்கு அடுத்து அது யாருக்குப் போகிறது? நேரம் போதாவிட்டால் எந்தப் பகுதியை விட்டுவிடலாம்? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் பாதி வேலை அங்கேயே குறைந்துவிடுவதும் உண்டு.

கேட்பவர் மேலதிகாரியாக இருந்தால் ‘முடியாது’ என்பது வாயில் வராது. வரவும் தேவையில்லை. பட்டியலை அவர் முன் வையுங்கள்: “இந்த வாரம் இந்த மூணு வேலை இருக்கு. இதை வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலாம், ஆனா வாடிக்கையாளர் அறிக்கை செவ்வாய்க்குத் தள்ளும். எதை முதல்ல எடுக்கட்டும்?” எது முக்கியம் என்ற முடிவு எடுக்கும் இடத்தில் இருப்பவர் அவர். அவரிடம் எண்ணிக்கையைக் காட்டாமல் நீங்களே ராத்திரி உட்கார்ந்து இரண்டையும் முடித்தால், இரண்டும் சேர்ந்து ஒரு வாரத்தில் முடியும் என்றே அவர் மனதில் பதியும்.

பேசி முடித்ததும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: “எண்களை மூலக் கோப்போடு ஒப்பிட்டு, வேறுபாடுகளைப் பட்டியலாக வியாழன் மதியத்துக்குள் தருகிறேன்.” இரண்டு பேருக்கும் ஒரே புரிதல் இருக்கிறதா என்று இங்கேதான் தெரியவரும். வாக்குகளுக்கென்று ஒரே ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு, என்ன, சொன்ன தேதி, தர வேண்டிய தேதி, அடுத்த படி என்று ஐந்து பத்திகள் போதும். பாதி நாள் போய்விட்டது, பாதி வேலை ஆகவில்லை என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மூன்று நாள் முன்னால் வரும் தாமதச் செய்தியை வைத்து அவர் தன் திட்டத்தை மாற்றிக்கொள்வார். கடைசி மாலையில் வரும் செய்தியால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

மற்றவர் தர வேண்டியதைத் தலையில் வைத்திருப்பது

நீங்கள் மெயில் அனுப்பிவிட்டீர்கள், பந்து இப்போது அவர் பக்கம். ஆனால் அவர் மறந்தால் நிற்பது உங்கள் வேலை. ‘அவர் அனுப்பினாரா’ என்ற கேள்வி குளிக்கும்போதும் வரும், சாப்பிடும்போதும் வரும். ‘காத்திருப்பவை’ என்று தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். அதில் ஒரு வரி இப்படி இருக்கட்டும்: “ஒப்பந்தத்துக்கு அனுமதி, சட்டப் பிரிவு, 4ஆம் தேதி மெயில், 8ஆம் தேதி போனில் கேள்.” மறுபடி எப்போது, எந்த வழியில் கேட்பது என்பதையும் அனுப்பும்போதே முடிவு செய்துவிடுங்கள். நாலு நாள் கழித்து யோசித்தால் ‘தொந்தரவு செய்கிறோமோ’ என்ற கூச்சம் குறுக்கே வரும்.

மெயில் பெட்டியையே பட்டியலாக்குவது

மெயிலின் தலைப்பு அடுத்தவர் எழுதியது. “மறுபடி: மறுபடி: கூட்டம்” என்ற தலைப்பில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்பது இருக்காது. அதைப் படித்துவிட்டு ‘படிக்காதது’ என்று திரும்பக் குறித்து வைத்தால், நாளைக்கும் முழுதாகப் படிக்க வேண்டும். ஒரு தரம் படியுங்கள், செய்ய வேண்டியதை உங்கள் வார்த்தையில் பட்டியலில் எழுதுங்கள், மெயிலைக் கோப்பில் போட்டுவிடுங்கள்.

மூன்று செயலிகள்

ஒன்று போதும். காகித நோட்டும் ஒரு செயலிதான்.

வண்ணக் குறிகள்

வேண்டாம்.

எட்டு மணி நேரத்துக்கும் வேலை போடுவது

எட்டு மணி நேரத்தில் மீட்டிங் மூன்று மணி நேரம் என்றால் மிச்சம் ஐந்து. அந்த ஐந்துக்கும் வேலை போடாதீர்கள், மூன்றுக்குப் போடுங்கள். எதிர்பாராத அழைப்பு, பழுது, பக்கத்து இருக்கைக்காரரின் சந்தேகம் எல்லாம் மிச்சத்தைச் சாப்பிடும்.

வேலை மாற்றத்துக்கும் விலை உண்டு. ஒன்றைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால் கவனத்தில் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் எழுதினார். எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வோம் என்று கிளம்புமுன் குறித்துவைத்தால் அது குறைகிறது என்று 2018இல் அவர் இன்னொருவரோடு சேர்ந்து செய்த ஆய்வு காட்டியது. யாராவது வந்து கூப்பிட்டால் “ஒரு நிமிஷம்” என்று சொல்லி, “அட்டவணை 4 வரை ஒப்பிட்டாயிற்று, 5இல் வரி 12 இடிக்கிறது” என்று எழுதிவிட்டு எழுந்திருங்கள்.

வாரம் ஒருமுறை உட்காராமல் விடுவது

நாற்பது நிமிடம் வேண்டும். வாரத்தின் கடைசி வேலை நாளில், மதிய உணவுக்கு முன்னால் வையுங்கள். கடைசி மணி நேரத்தில் வைத்தால், யாருக்காவது சேதி சொல்ல வேண்டியிருந்தாலும் அவர் கிளம்பிப் போயிருப்பார்.

வரிசை இப்படி: போன இரண்டு வாரக் காலண்டரைப் புரட்டுங்கள், பேசிவிட்டு எழுதாமல் விட்டது அங்கே கிடைக்கும். வரும் மூன்று வாரத்தைப் பாருங்கள். பிறகு வாக்குப் பதிவு, அதற்குப் பிறகு காத்திருப்பவை. கடைசியாக, பெரிய வேலைகள் ஒவ்வொன்றுக்கும் அடுத்த படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இடையில் எந்த வேலையையும் செய்ய ஆரம்பிக்காதீர்கள். பலருக்கும் இது கெடுவது அங்கேதான். இரண்டாவது வரியிலேயே ஒரு மெயிலுக்குப் பதில் எழுத உட்கார்ந்து நாற்பது நிமிடத்தையும் அதற்கே கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு வரி மூன்று வாரமாக அப்படியே நகர்ந்துகொண்டிருந்தால், அதை நாலாவது வாரத்துக்கு எழுதாதீர்கள். பதினைந்து நிமிடத் துண்டாக உடைத்து முதல் துண்டை எழுதுங்கள். அல்லது ‘பிறகு பார்க்கலாம்’ என்ற தனிப் பக்கத்துக்கு மாற்றுங்கள். அது வேறொருவருக்குக் கொடுத்த வாக்கு என்றால் இரண்டாவது வழி கிடையாது. அவருக்கு எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்: “நீங்கள் 12ஆம் தேதி கேட்டதை இந்த மாதம் என்னால் எடுக்க முடியாது. அடுத்த மாதம் முதல் வாரம் சரிப்படுமா, இல்லை வேறு யாரிடமாவது கேட்கிறீர்களா?”